விமான நிறுவனம் நொடித்துவிட்டால் கட்டிய பணத்தை மீட்பது எப்படி: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் விமான நிறுவனங்கள் நொடித்துப்போவது அரிதான நிகழ்ச்சி அல்ல. 2008 ஏப்ரலில் நேஷன்வைடு, 2012இன் தொடக்கத்தில் டர்பனைத் தளமாகக் கொண்ட வெல்வெட் ஸ்கை, அதே ஆண்டு நவம்பரில் ஒன்டைம், 2015இன் இறுதியில் ஸ்கைவைஸ், 2020இல் எஸ்.ஏ. எக்ஸ்பிரஸ், 2021 ஜூலையில் மாங்கோ, 2022 ஜூனில் குலுலா விமானங்களை இயக்கிவந்த காம்ஏர் என்று பட்டியல் நீள்கிறது. நாட்டின் பெயரையே தாங்கிய தென்னாப்பிரிக்க ஏர்வேஸும் 2019 டிசம்பரில் வணிக மீட்பு நடைமுறைக்குள் சென்று, 2021 செப்டம்பரில்தான் மீண்டும் வானில் ஏறியது. ஒவ்வொரு முறையும் திருமணத்துக்கோ காவடித் திருவிழாவுக்கோ பள்ளி விடுமுறைக்கோ பல மாதங்களுக்கு முன்பே சீட்டு வாங்கிவைத்த குடும்பங்கள்தாம் முதலில் அடிபடுகின்றன. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா ஆகிய ஊர்களில் வாழும் நம் மக்கள் ஜோகன்னஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே அடிக்கடி பறப்பவர்கள்; துபாய், தோஹா வழியாகச் சென்னைக்குச் செல்வதற்காக ஆண்டுக்கணக்கில் பணம் சேர்ப்பவர்கள். அவர்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பயணிகளின் பணத்தைக் காக்கும் பொது நிதி எதுவும் இந்த நாட்டில் இல்லை. இணையத்தில் இந்தப் பொருள் குறித்துத் தேடினால் கிடைக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை பிரிட்டனைப் பற்றியவை. அங்கே விமானச் சுற்றுலாத் தொகுப்புகளுக்கு அட்டோல் என்னும் பாதுகாப்புத் திட்டம் உண்டு. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் வீழ்ந்தபோது, வெளிநாடுகளில் இருந்த 1,40,000க்கும் மேற்பட்ட பயணிகளை அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமே திருப்பி அழைத்து வந்தது. கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளையோ சேவையையோ வாங்கினால், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவு வங்கியையும் பொறுப்பாக்குகிறது. டர்பனில் ராண்டில் சீட்டு வாங்கிய உங்களுக்கு இவை இரண்டும் பொருந்தா. இங்கே உங்கள் பணம் திரும்புமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, சீட்டு வாங்கிய நாளில் நீங்கள் பணம் கட்டிய முறைதான். ஆகவே கீழே சொல்லப்படும் வழிகளை, பணம் கிடைக்கும் வாய்ப்பு எங்கே அதிகமோ அந்த வரிசையிலேயே அமைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

முதல் படி: நிறுவனம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிதல்

விமானங்கள் நின்றுவிட்டன என்ற செய்தி மூன்று வேறு நிலைகளைக் குறிக்கலாம். அந்தந்த நிலைக்கேற்ப உங்கள் உரிமைகளும் மாறுகின்றன.

முதலாவது, தற்காலிக நிறுத்தம். உரிமம் இடைநிறுத்தப்பட்டோ, விமான நிலையக் கட்டணம் பாக்கியாகியோ, பணப் புழக்கம் வற்றியோ விமானங்கள் நின்றிருக்கும். சட்டப்படி நிறுவனம் இன்னும் உயிரோடுதான் இருக்கும். இந்த நிலையில் பணத்தைத் திருப்பித் தரும்படி நிறுவனத்திடமே எழுத்தில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஏனெனில், உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டாலோ பதிலின்றிக் கிடந்தாலோ அதுவே பின்னர் வங்கியிடம் காட்டும் சான்றாகும்.

இரண்டாவது, பிசினஸ் ரெஸ்க்யூ என்று இங்கே வழங்கும் வணிக மீட்பு. 2008ஆம் ஆண்டின் 71ஆம் எண் கம்பெனிகள் சட்டத்தின் 6ஆம் அத்தியாயத்தின்படி ஒரு மீட்பு நிர்வாகி பொறுப்பேற்பார். அந்த நாள் முதல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்கவோ நிறைவேற்று நடவடிக்கை எடுக்கவோ 133ஆம் பிரிவு தடை விதிக்கிறது. உங்கள் பயணச்சீட்டு மீட்பு தொடங்குவதற்கு முன் வாங்கியதா, பின் வாங்கியதா என்பது இங்கே மிக முக்கியம். முன்பே வாங்கியவர்கள் பழைய கடன்கொடுத்தோரின் கூட்டத்தில் சேர்க்கப்படுவார்கள். மீட்புத் திட்டம் அவர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக வவுச்சர் தருவதாகச் சொல்லவும் கூடும்.

மூன்றாவது, லிக்விடேஷன் எனப்படும் நிறுவனக் கலைப்பு. நீதிமன்ற ஆணைப்படி கலைப்பாளர் பொறுப்பேற்று, மிஞ்சிய சொத்துகளை விற்றுப் பகிர்ந்தளிப்பார். இந்தக் கட்டத்தில் விமானம் மீண்டும் பறக்கும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நிறுவனம் எவ்வளவு விரைவாகச் சரியும் என்பதற்குக் காம்ஏர் நல்ல சான்று. 2020 மே மாதம் வணிக மீட்புக்குள் சென்று, அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் பறக்கத் தொடங்கிய அந்த நிறுவனம், 2022 மே 31 இரவு விமானங்களைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. ஜூன் 9ஆம் தேதிக்குள் மீட்பு நிர்வாகிகள் இனி மீட்க வாய்ப்பில்லை என்று சொல்லி, கலைப்பு ஆணை கேட்டு நீதிமன்றத்தை நாடிவிட்டார்கள். தற்காலிகம் என்ற சொல்லை நம்பிக் கைகட்டி இருந்தவர்கள் அந்தப் பத்து நாளையும் இழந்தார்கள். எனவே நிறுத்தம் என்ற அறிவிப்பு வந்த அன்றே அடுத்த படியைத் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: இணையதளம் மூடப்படும் முன் ஆவணங்களைச் சேர்த்தல்

நொடித்த நிறுவனத்தின் இணையதளமும் செயலியும் எந்த நேரத்திலும் மறையலாம். முன்பதிவு உறுதிப்படுத்தல், பயணிகளின் பெயர்களும் 13 இலக்கச் சீட்டு எண்ணும் உள்ள மின்பயணச்சீட்டு, பணம் கட்டியதற்கான ரசீது, அந்தத் தொகை காணப்படும் வங்கி அறிக்கைப் பக்கம், விமானங்கள் நிறுத்தப்பட்டதாக நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஆகியவற்றை ஒரே கோப்பில் சேமித்து, தேதியும் குறித்துவையுங்கள். சீட்டு வாங்கியபோது கூடுதலாகக் கட்டிய பெட்டிக் கட்டணம், இருக்கைக் கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகளையும் விட்டுவிடாதீர்கள்; பலர் சீட்டின் விலையை மட்டும் கேட்டு, இவற்றை மறந்துவிடுகிறார்கள்.

நீங்களாக முன்பதிவை ரத்து செய்யாதீர்கள். இது மிகவும் கவனிக்க வேண்டிய இடம். விமானத்தை நிறுவனம் ரத்து செய்தால் சேவை கிடைக்கவில்லை என்று நீங்கள் வாதிடலாம்; நீங்களே ரத்து செய்துவிட்டால், திருப்பித் தரப்படாத சீட்டை விருப்பப்படி ரத்து செய்த பயணி ஆகிவிடுவீர்கள். அதேபோல், பணத்துக்குப் பதிலாக வவுச்சர் தருகிறோம் என்று மின்னஞ்சல் வந்தால், உடனே ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டாம். வவுச்சரை ஏற்றால், பணத்தைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக வங்கி கொள்ளலாம். நிறுவனம் முற்றிலும் வீழ்ந்தால் அந்த வவுச்சர் வெறும் காகிதம்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு நிறுவனம் வீழ்ந்த செய்தி பரவியதும், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு மோசடிக்காரர்கள் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் வருவார்கள். கார்டு எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்பவர் எவராக இருந்தாலும் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள். ஏமாற்றுபவர்கள் பெரும்பாலும் அவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள்.

மூன்றாம் படி: பயணச்சீட்டை வெளியிட்டது யார் என்று பார்த்தல்

விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் பெயரைவிட உங்கள் சீட்டு எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் முக்கியமானவை. எந்த நிறுவனம் அந்தச் சீட்டை வெளியிட்டதோ அதன் அடையாளம் அவை: 083 என்றால் தென்னாப்பிரிக்க ஏர்வேஸ், 176 எமிரேட்ஸ், 157 கத்தார் ஏர்வேஸ், 239 ஏர் மொரீஷியஸ், 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ். உங்கள் பயணத்தின் ஒரு பகுதியை இயக்கவேண்டிய நிறுவனம் வீழ்ந்து, சீட்டை வெளியிட்ட நிறுவனம் நலமாக இருந்தால், உங்களை வேறு வழியில் அனுப்பவோ பணத்தைத் திருப்பவோ வேண்டியது அந்த நலமான நிறுவனம்தான். நேரே அவர்களை அழைத்து, மாற்றுப் பயணம் கேளுங்கள்.

காம்ஏர் உள்நாட்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் சின்னத்தோடு விமானங்களை இயக்கிவந்ததால், லண்டன் நிறுவனமே பொறுப்பு என்று பயணிகள் எண்ணுவது இயல்பே. ஆனால் அவை அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமம் பெற்றுக் காம்ஏர் நடத்திய விமானங்கள். லண்டன் நிறுவனம் வெளியிட்ட சீட்டு வைத்திருந்தவரின் நிலை வேறு. காம்ஏரிடம் நேரடியாக வாங்கியவரின் நிலை வேறு.

நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடமும் இதுவே. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சென்னைக்கு ஒரு நிறுவனத்தில் சீட்டு வாங்கி, டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்ல மலிவான உள்நாட்டுச் சீட்டைத் தனியாக வாங்குகிறோம். உள்நாட்டு நிறுவனம் வீழ்ந்து நீங்கள் ஜோகன்னஸ்பர்க் சேரவில்லை என்றால், சென்னை விமானத்தைத் தவறவிட்டது உங்கள் பொறுப்பாகவே கருதப்படும். அது வேறு ஒப்பந்தம். இந்த நிலையில் உள்நாட்டுச் சீட்டின் சில நூறு ராண்டைப் பற்றிக் கவலைப்படாமல், முதலில் சென்னைச் சீட்டைக் காப்பாற்றுங்கள். அன்றைய உள்நாட்டு விமானங்களில் இடம் கிடைக்கவில்லை என்றால், என்3 நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 570 கிலோமீட்டர். காரில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும், பேருந்தில் இன்னும் கூடுதல். பயண நாளுக்கு முந்தைய இரவே கிளம்பிவிடுவது நல்லது.

நான்காம் படி: வங்கியிடம் சார்ஜ்பேக் கோருதல்

கார்டில் பணம் கட்டியவர்களுக்கு இதுவே சிறந்த வழி. சார்ஜ்பேக் என்பது விசா, மாஸ்டர்கார்டு ஆகிய கார்டு வலையமைப்புகளின் விதிகளின்படி நடப்பது. நாட்டுச் சட்டம் தருவதன்று. வாடிக்கையாளர் பணம் கட்டிய சேவை கிடைக்கவில்லை என்றால், அவருடைய வங்கி, விற்பனையாளருக்காகக் கார்டுப் பணத்தைப் பெற்ற வங்கியிடமிருந்து தொகையைத் திரும்பப் பெறுகிறது. விற்பனையாளர் திவாலாகிவிட்டாலும், பணம் பெற்ற அந்த வங்கி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. கலைப்பாளரிடம் வரிசையில் நிற்கவேண்டிய சுமை உங்களிடமிருந்து அந்த வங்கிக்கு மாறிவிடுகிறது. கிரெடிட் கார்டு மட்டுமல்லாமல், விசா அல்லது மாஸ்டர்கார்டு சின்னம் உள்ள டெபிட் கார்டுக்கும் இது பொருந்தும். வங்கிக் கிளையில் இருப்பவர் டெபிட் கார்டுக்கு இல்லை என்று சொன்னால், தகராறுப் பிரிவுக்கு அனுப்பும்படி வற்புறுத்துங்கள்.

கால வரம்பு பொதுவாக 120 நாள். அது சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ, சேவை கிடைக்காது என்று நீங்கள் அறிந்த நாளிலிருந்தோ கணக்கிடப்படும். பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாள் என்பது உச்ச வரம்பு. அடுத்த டிசம்பர்ப் பயணத்துக்கு இந்த ஜனவரியிலேயே சீட்டு வாங்கியவர், பயண நாள் வரட்டும் என்று காத்திருந்தால், நிறுவனம் மூடப்பட்ட நாளிலிருந்து எண்ணும் 120 நாள் அதற்குள் கடந்துபோகலாம். ஆகவே நிறுவனம் மூடப்பட்டதும், பயணம் எத்தனை மாதம் கழித்து இருந்தாலும், அதே வாரத்தில் வங்கிக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு வங்கியும் தனக்கெனக் குறுகிய வரம்பு வைத்திருக்கக்கூடும் என்பதும் விரைந்து செயல்படுவதற்கு ஒரு காரணம்.

வங்கியைத் தொடர்புகொள்ளும்போது மோசடிப் புகார் என்று சொல்லாதீர்கள். மோசடி என்றால் உங்கள் அனுமதியின்றி நடந்த பரிமாற்றம். நீங்களோ அனுமதித்துத்தான் கட்டினீர்கள். தவறான பிரிவில் பதிந்த புகார் நிராகரிக்கப்படும், அதற்குள் நாள்களும் கழிந்துவிடும். சேவை வழங்கப்படவில்லை என்ற பிரிவில் பதியச் சொல்லுங்கள். கடிதத்தில் பின்வருபவை இருக்கட்டும்: பரிமாற்றம் நடந்த நாளும் தொகையும், வங்கி அறிக்கையில் காணப்படும் விற்பனையாளர் பெயர், முன்பதிவு எண்ணும் சீட்டு எண்ணும், பயண நாள், நிறுவனம் விமானங்களை நிறுத்திய நாளும் அதற்கான சான்றும், நீங்கள் நிறுவனத்திடம் பணம் கேட்டதும் அதற்குக் கிடைத்த பதிலும், மாற்றுப் பயணமோ வவுச்சரோ ஏற்கவில்லை என்ற ஒரு வரி. போகும் பயணத்தை முடித்துவிட்டுத் திரும்பும் பயணத்தை மட்டும் இழந்திருந்தால், அந்தப் பாதித் தொகையை மட்டுமே கேளுங்கள். முழுத் தொகையைக் கேட்டால் எதிர்த்தரப்பு எளிதில் மறுத்துவிடும். நால்வருக்கான சீட்டுகளை இரண்டு முறையாகக் கட்டியிருந்தால், இரண்டு தனித்தனிக் கோரிக்கைகள் வேண்டும்.

விண்ணப்பத்துக்கு ஒரு குறிப்பு எண் பெறாமல் தொலைபேசியை வைக்காதீர்கள். பணம் உங்கள் கணக்குக்கு வந்த பிறகும் எதிர்த்தரப்பு மறுப்புத் தெரிவிக்க இடமுண்டு. அதனால் அந்தத் தொகையைச் சில வாரங்களாவது செலவழிக்காமல் வைத்திருப்பது நல்லது. வங்கி மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு, வங்கியின் உள் முறையீட்டு வழியில் ஒரு முறை முறையிடுங்கள். அதிலும் தீராவிட்டால் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பை அணுகலாம். 2024 மார்ச் 1 முதல் வங்கிக் குறைதீர்ப்பாளரின் பணியும் இந்த அமைப்புக்குள் வந்துவிட்டது. இதற்குக் கட்டணம் இல்லை.

சீட்டை இ-பக்ஸ் போன்ற வெகுமதிப் புள்ளிகளைக் கொண்டு பகுதியளவில் வாங்கியிருந்தால், புள்ளிகளுக்கான பகுதி சார்ஜ்பேக்கில் வராது. அதை அந்த வெகுமதித் திட்டத்திடம் தனியாகக் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: கார்டு இல்லாமல் கட்டியவர்கள் செய்ய வேண்டியது

இ.எஃப்.டி. எனப்படும் நேரடி வங்கிப் பரிமாற்றம் வழியாகவும், கடைகளில் ரொக்கமாகவும் கட்டியவர்களுக்குச் சார்ஜ்பேக் கிடையாது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைத் திரும்ப இழுக்கும் பொறிமுறை வங்கியிடம் இல்லை. கார்டுக் கட்டணத்தை மிச்சப்படுத்த இ.எஃப்.டி. செய்யும் வழக்கம் நம் குடும்பங்களில் பரவலாக இருக்கிறது. ஐம்பது ராண்டு மிச்சமாக்கி ஐயாயிரம் ராண்டுக்கான பாதுகாப்பை இழக்கிறோம் என்பதை இதைப் படிப்பவர்கள் தம் உறவினர்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

பயண முகவர் மூலம் வாங்கியிருந்தால், முதலில் அவரிடம் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: என் பணம் விமான நிறுவனத்துக்குச் சென்றுவிட்டதா, இன்னும் உங்களிடம் இருக்கிறதா? முகவர்கள், விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான அயாட்டாவின் கணக்குத் தீர்வு முறை வழியாகக் குறிப்பிட்ட இடைவெளிகளில்தான் நிறுவனங்களுக்குப் பணம் அனுப்புகிறார்கள். கடைசி நாள்களில் நீங்கள் கட்டிய தொகை இன்னும் நிறுவனத்தைச் சேராமல் இருக்க வாய்ப்புண்டு. சேரவில்லை என்றால் அதைத் திருப்பும்படி கோரலாம். சேர்ந்துவிட்டது என்றால், முகவர் நிறுவனத்தின் சார்பில் விற்றவர் மட்டுமே. பொதுவாக அவரே தம் பையிலிருந்து தரவேண்டியதில்லை. முகவரின் சேவைக் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது. பணத்தை வைத்துக்கொண்டு தர மறுக்கும் முகவர் மீது 20,000 ராண்டு வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே நீங்கள் முறையிடலாம். ஆனால் மீட்பிலோ கலைப்பிலோ இருக்கும் விமான நிறுவனத்தின் மீது அங்கே போவது வீண். சட்டத் தடை குறுக்கே நிற்கும்.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். விற்ற சேவையை வழங்க முடியாத விற்பனையாளர் பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று அதன் 47ஆம் பிரிவு சொல்கிறது. உரிமை உண்மையானதுதான். கஜானாவில் பணம் இல்லாத நிறுவனத்திடம் அந்த உரிமையால் வசூலிக்க முடியாது என்பதே சிக்கல். நிறுவனம் இன்னும் தற்காலிக நிறுத்தத்தில் இருக்கும்போது எழுதும் கடிதத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுவது பயன் தரும். கலைப்பு ஆணை வந்த பிறகு அதற்கு வலுவில்லை.

ஆறாம் படி: பயணக் காப்பீடு

கார்டு வாங்கும்போது வங்கி இலவசமாகத் தரும் பயணக் காப்பீட்டில் மருத்துவச் செலவு இருக்கும். விமான நிறுவனத்தின் நொடிப்பு பெரும்பாலும் இருக்காது. தனியாக வாங்கிய காப்பீட்டிலும், பயணச் சேவை வழங்குநரின் நொடிப்பு என்ற தலைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் இரண்டு நிபந்தனைகள் பொதுவாக வரும்: நிறுவனத்தின் நெருக்கடி ஊருக்குத் தெரிவதற்கு முன்பே காப்பீடு வாங்கியிருக்க வேண்டும், ஏற்கெனவே வணிக மீட்பில் உள்ள நிறுவனத்துக்குக் காப்பு இல்லை. வேறு வழியில் மீட்க முடியாத தொகையை மட்டுமே காப்பீட்டாளர் தருவார் என்பதால், வங்கி மறுத்த கடிதம் இங்கே கைகொடுக்கும். தங்கும் செலவு, பயணத் தடை ஆகிய வேறு தலைப்புகளின் கீழும் ஏதேனும் கிடைக்குமா என்று பத்திரத்தை முழுதும் படியுங்கள்.

ஏழாம் படி: மீட்பு நிர்வாகியிடமும் கலைப்பாளரிடமும் கோரிக்கை

மேலே சொன்ன எந்த வழியிலும் பணம் கிடைக்காதவர்களுக்கே இந்தப் படி.

வணிக மீட்பில், நிர்வாகி நியமிக்கப்பட்ட 10 வேலை நாள்களுக்குள் கடன்கொடுத்தோரின் முதல் கூட்டம் கூட்டப்பட வேண்டும். 25 வேலை நாள்களுக்குள் மீட்புத் திட்டம் வெளியிடப்பட வேண்டும், இந்தக் காலம் நீட்டிக்கப்படுவதும் உண்டு. நிர்வாகி குறிப்பிடும் மின்னஞ்சலுக்கோ இணையப் பக்கத்துக்கோ உங்கள் கோரிக்கைப் படிவத்தை அனுப்பிப் பதிந்துகொள்ளுங்கள். வாக்களித்த கடன்கொடுத்தோரின் வாக்கு மதிப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு இருந்தால் திட்டம் நிறைவேறும். அது உங்களையும் கட்டுப்படுத்தும். பெரிய வங்கிகளும் விமானங்களை வாடகைக்கு விட்டவர்களும் நிற்கும் கூட்டத்தில் ஒரு பயணியின் வாக்கு சிறியதுதான். ஆயினும் பதிந்தவருக்கே அறிவிப்புகள் வரும், வவுச்சரோ தொகையோ வந்தால் பட்டியலில் பெயரும் இருக்கும்.

கலைப்பில் நிலைமை கடுமையானது. பிணை பெற்ற கடன்கொடுத்தோர் தம் பிணைச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பிறகு கலைப்புச் செலவு, ஊழியர்களின் சம்பள பாக்கி, வரித் துறை. இவை தீர்ந்து எஞ்சியதில்தான் பிணையற்ற சாதாரணக் கடன்கொடுத்தோருக்குப் பங்கு. பயணிகள் இந்தக் கடைசி வகுப்பினர். விமானங்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கப்பட்டவை என்பதால், விற்பதற்குச் சொத்தும் அதிகம் இருக்காது.

இங்கே பலருக்குத் தெரியாத ஓர் ஆபத்து இருக்கிறது. 1936ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, பிணையில்லாச் சொத்தின் விற்பனைத் தொகை கலைப்புச் செலவுக்கே போதாவிட்டால், கோரிக்கையை முறைப்படி நிறுவிய சாதாரணக் கடன்கொடுத்தோர் அந்தப் பற்றாக்குறையைத் தத்தம் கோரிக்கையின் விகிதத்தில் ஈடுகட்ட வேண்டிவரலாம். அதாவது, இழந்த பணத்தைக் கேட்கப் போனவர் மேலும் பணம் கட்டும் நிலை வரலாம். ஆகவே கோரிக்கைக்கான பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், பங்களிப்புக் கேட்கப்படும் ஆபத்து உண்டா என்று கலைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆபத்து உண்டு என்றோ, தெளிவில்லை என்றோ பதில் வந்தால், இரண்டாயிரம் ராண்டு சீட்டுக்காகக் கோரிக்கையை நிறுவாமல் இருப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து. ஆபத்து இல்லை என்று உறுதி கிடைத்தால், கோரிக்கைப் பிரமாணப் பத்திரத்தை நிரப்பி, காவல் நிலையத்தில் கட்டணமின்றி உறுதிமொழி செய்து, ஆவண நகல்களோடு கலைப்பாளர் அறிவிக்கும் கடன்கொடுத்தோர் கூட்டத்துக்கு முன் சேர்ப்பியுங்கள். இரண்டாம் கூட்டத்துக்குப் பிறகு மூன்று மாதம் கடந்தால், சிறப்பு அனுமதி இல்லாமல் கோரிக்கையை நிறுவ முடியாது. பங்கு கிடைக்க ஆண்டுகள் ஆகும். அந்தப் பணத்தை எதிர்பார்த்து வேறு செலவுகளைத் திட்டமிட வேண்டாம்.

சென்னையிலோ வேறு நாட்டிலோ இருக்கும்போது நிறுவனம் வீழ்ந்தால்

திருப்பி அழைத்து வர அரசு விமானம் வராது என்று கொண்டே செயல்படுங்கள். மற்ற நிறுவனங்கள் சில சமயம் சிக்கிய பயணிகளுக்குச் சிறப்புக் கட்டணம் தருவதுண்டு. பழைய சீட்டைக் காட்டிக் கேட்டால்தான் கிடைக்கும், இடங்களும் விரைவில் தீரும். புதிய சீட்டைக் கார்டிலேயே வாங்கி, ரசீதை வைத்திருங்கள். அந்தப் புதுச் சீட்டின் விலை சார்ஜ்பேக்கில் வராது. காப்பீட்டில் கேட்க மட்டுமே முடியும். தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டில் இந்தியா சென்றவர்கள் விசா முடியும் நாளைப் பாருங்கள். அது நெருங்கினால், வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இணையச் சேவையில், விமான நிறுத்தத்தின் சான்றோடு, விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். புதுதில்லியில் தென்னாப்பிரிக்கத் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் உள்ளன. அவர்கள் சீட்டு வாங்கித் தரமாட்டார்கள், ஆனால் ஆவணச் சிக்கல்களில் உதவுவார்கள்.

அடுத்த சீட்டு வாங்கும்போது

ஒரு நிறுவனம் தள்ளாடுகிறது என்பதற்கான அறிகுறிகள் பெரும்பாலும் முன்னரே தெரிந்துவிடும். விமான நிலையக் கட்டணமோ வான்வழிக் கட்டுப்பாட்டுக் கட்டணமோ பாக்கி என்ற செய்தி வந்தால் எச்சரிக்கை கொள்ளுங்கள். ஸ்கைவைஸும் மாங்கோவும் இத்தகைய பாக்கிகளால்தான் தரையில் நிறுத்தப்பட்டன. காப்பீட்டாளர்கள் ஒரு நிறுவனத்தை நொடிப்புக் காப்பிலிருந்து நீக்குவது அதைவிடத் தெளிவான அறிகுறி. 2019 நவம்பரில், தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் வணிக மீட்புக்குள் செல்வதற்குச் சில நாள்கள் முன்பே, சாண்டம் குழுமத்தின் பயணக் காப்பீட்டுப் பிரிவு அதை நீக்கியது. ஃபிளைட் சென்டர் அதன் சீட்டுகளை விற்பதை நிறுத்தியது. எனவே சீட்டு வாங்கும் முன், இந்த நிறுவனத்தின் நொடிப்புக்கு இன்று காப்பு உண்டா என்று காப்பீட்டாளரிடம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அந்தப் பதிலைவிட நேர்மையான மதிப்பீடு ஒரு சாதாரணப் பயணிக்கு வேறு எங்கும் கிடைக்காது.

கார்டில் மட்டும் கட்டுங்கள். உள்நாட்டுப் பகுதியையும் வெளிநாட்டுப் பகுதியையும் கூடுமானவரை ஒரே சீட்டில் வாங்குங்கள். இன்றைய விலையைவிட அடுத்த ஆண்டுச் சீட்டு மிக மலிவாக விற்கப்பட்டால், அந்த நிறுவனத்துக்கு இன்றைய பணம் அவசரமாகத் தேவைப்படுகிறதோ என்று ஐயப்படுங்கள்.

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குக் குழுவாகச் செல்லும் பயணங்களில் தனிக் கவனம் வேண்டும். குழுக் கட்டணத்தில் பெயர்களோடு சீட்டு வெளியிடப்படுவது பெரும்பாலும் பயண நாள் நெருங்கும்போதுதான். அதுவரை தவணையாகக் கட்டிய முன்பணம் அமைப்பாளரிடமோ நிறுவனத்திடமோ வெறும் வைப்புத் தொகையாகக் கிடக்கும். அமைப்பாளர் நமக்குத் தெரிந்தவர், கோயிலில் சேர்ந்து தொண்டு செய்பவர் என்பதால் பலர் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறார்கள். அவருடைய நேர்மையை ஐயப்படுவது இதில் இல்லை. விமான நிறுவனம் வீழ்ந்தால் அவரும் சேர்ந்தே பாதிக்கப்படுவார். எந்த நிறுவனம், எந்த நாளில் சீட்டு வெளியாகும், அதுவரை பணம் யார் கணக்கில் இருக்கும், நிறுவனம் வீழ்ந்தால் எவ்வளவு திரும்பும் என்ற நான்கு கேள்விகளுக்கும் முதல் தவணைக்கு முன்பே எழுத்தில் பதில் வாங்குங்கள். சீட்டு வெளியானதும் உங்கள் பெயருக்குரிய 13 இலக்க எண்ணைக் கேட்டு, விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.